‘பெரிய சிறுபுடைப்பு’ என்று எழுத முடியுமா? எலும்பு, தசைக் கலைச்சொற்கள்

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மொரீசியசில் இயன்முறை மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக நீங்கள் தொகுத்த சொற்பட்டியலைப் படித்தேன். துளை, குழி, முகடு, முள் நான்கும் அப்படியே இருக்கட்டும். எலும்பு மேடுகளைக் குறிக்கும் சொற்களில்தான் சிக்கல்.

டியூபர்க்கிள் என்ற சிறிய உருண்ட மேட்டுக்குச் ‘சிறுபுடைப்பு’, தொடை எலும்பின் மேற்பகுதியில் உள்ள டிரொக்காண்டர் என்ற மேட்டுக்குப் ‘பெருமுண்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். மேற்கை எலும்பின் தலையருகே டியூபர்க்கிள் இரண்டு உண்டு, ஒன்று பெரியது, மற்றது சிறியது. பெரியதைப் ‘பெரிய சிறுபுடைப்பு’ என்றா எழுதுவது? தொடை எலும்பிலோ ‘சிறிய பெருமுண்டு’ வந்து நிற்கும். பெருமை, சிறுமை காட்டும் அடை பின்னால் சேரப்போகிறது என்று தெரிந்த சொல்லில், அளவை முன்கூட்டியே புதைத்து வைக்கக் கூடாது.

ஆகவே டியூபர்க்கிளை முகிழ் என்போம்: பெருமுகிழ், சிறுமுகிழ். டிரொக்காண்டர் திமில்: பெருந்திமில், சிறுதிமில். இது தொடை எலும்பில் மட்டுமே வருவதால் தனிச்சொல் தகும். புடைப்பு என்பதைத் தசை பற்றும் மேடான டியூபராசிட்டிக்கு ஒதுக்கலாம். தோள்தசை பற்றும் சொரசொரப்பான இடமும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலில் தட்டுப்படும் மேடும் புடைப்புகள்.

நீண்டு ஓடும் தடத்துக்குப் ‘பள்ளம்’ வேண்டாம், குழியோடு குழம்பும். கரும்புத் தோட்டத்தில் ஓடுகிற சால் நம் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சொல்லே போதும். இருதலைத் தசையின் நீண்ட நாண் (தசையை எலும்போடு பிணைப்பது) இறங்குவது முகிழிடைச் சால். மேற்கை எலும்பின் பின்புறம் ஆரநரம்பு ஓடுவது ஆரநரம்புச் சால். எலும்பு நடுத்தண்டில் முறிந்தால் அந்த நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிவிடக்கூடும். நரம்பு எலும்பை ஒட்டி நெடுக ஓடுவதைச் சால் காட்டிவிடுகிறது.

எலும்பு முனையில் மூட்டில் சேரும் உருண்ட பகுதியான காண்டைலைக் குமிழ் என்றும், அதையொட்டிய மேடான எபிகாண்டைலை மேற்குமிழ் என்றும் வைக்கலாமா?

தசைகளில், பென்னேட் தசைக்கு வைத்த ‘சாய்தசை’யை எடுத்துவிடுங்கள். வயிற்றின் சாய்தசைகள் உடலின் நடுக்கோட்டுக்குச் சாய்ந்தவை. நாணுக்குச் சாய்ந்த இழைகளைக் கொண்ட பென்னேட் தசைகள் வேறு. இவற்றை இறகுத்தசை என்போம். ஆனால் ‘ஓரிறகு, ஈரிறகு’ தவறான படத்தைத் தரும். நாணின் இரு பக்கமும் இழைகள் இருந்தால்தான் ஒரு முழு இறகு. ஒருபுற இறகுத்தசை, இருபுற இறகுத்தசை, பல்லிறகுத்தசை என்றால் படத்தோடு பொருந்தும்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்பதற்குப் பட்டியலில் ஒரு கணக்கும் சேருங்கள். 200 கன சென்டிமீட்டர் தசை இரண்டு. ஒன்றில் இழைகள் நாணுக்கு இணையாக 20 சென்டிமீட்டர் நீளம். பருமனை நீளத்தால் வகுத்தால் வெட்டுப்பரப்பு 10 சதுர சென்டிமீட்டர். தசையின் விசை இந்தப் பரப்பைப் பொறுத்தது. மற்றதில் இழைகள் 5 சென்டிமீட்டர், சாய்வு 30 பாகை, பரப்பு 40 சதுர சென்டிமீட்டர். சாய்வினால் 13 விழுக்காடு இழுவிசை வீணானாலும் சுமார் 35 மிஞ்சும், அதாவது மூன்றரை மடங்கு விசை. ஆனால் நாணை இழுக்கும் தூரம் வெகுவாகக் குறையும்.

ஆசிரியரின் பதில்:

வணக்கம் தம்பி.

திமிலும் சாலும் நன்று, சேர்த்துவிட்டேன். மேற்குமிழை ஏற்க முடியவில்லை. தமிழில் ‘மேல்’ என்றால் மேலே இருக்கும் இன்னொரு குமிழ் என்றே மாணவர் கொள்வார். குமிழ் குருத்தெலும்பு போர்த்திய வழவழப்பான மூட்டுப்பரப்பு. எபிகாண்டைல் மூட்டுக்கு வெளியே தசைநாணும் எலும்புகளைப் பிணைக்கும் நாரும் பற்றும் இடம். டென்னிஸ் முழங்கை நோவு தொடங்குவது அங்கேதான். அதை மூட்டுக்குள் தேடவைத்தால் சொல் கெடுதல் செய்ததாகும். குமிழ்மேடு என்று வைத்தால் புறக் குமிழ்மேடு, அகக் குமிழ்மேடு என்று அடையும் ஏறும், குழப்பமும் இல்லை.

பல்லிறகுத்தசைக்குத் தோள்தசையின் நடுப்பகுதியைப் படமாகப் போடுகிறேன். தைப்பூசத்தில் காவடியைப் பிடித்தபடி கையை உயர்த்தியே வைத்திருக்கும் தசை அது என்றால் இங்கே யாருக்கும் விளங்கும். நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய ஃபியூசிஃபார்ம் தசைக்குக் ‘கதிர்வடிவம்’ என்று எழுதியிருந்ததைக் ‘கதிர்க்கோல் வடிவம்’ என மாற்றுகிறேன். வெறும் கதிர் என்றால் நெற்கதிரும் ஒளிக்கதிரும்தான் பிள்ளைகள் மனத்தில் வரும். தொடையின் குறுக்கே ஓடும் நீண்ட தசையான சார்ட்டோரியசுக்கு வார்த்தசை, பட்டைத்தசை இரண்டும் கைவசம் உள்ளன. உங்கள் தெரிவைச் சொல்லுங்கள்.