சிரப் ஊற்றிய உப்புத்தண்ணீர்

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். மகனுக்கு நாலு வயதிருக்கும்போது, கோயில் திருவிழா முடிந்த மறுநாள் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கிளினிக்கில், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள் பாக்கெட் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான். பாக்கெட்டில் 250 மில்லி தண்ணீர் என்று போட்டிருந்ததை நான் அரை கிளாஸில் கரைத்து, ரோஜா சிரப் இரண்டு கரண்டி ஊற்றினேன். கொஞ்சம் குடித்தாலும் தெம்பு கூடுதலாகப் போகும் என்ற நினைப்பு. ஆசையாகக் குடித்தான். ஒரு மணி நேரத்தில் வெறும் தண்ணீராகப் போனது. அழுதான், கண்ணீர் வரவில்லை.

பக்கத்து லயத்தில் பழைய தோட்டத்து டிரெஸர் (தோட்ட மருந்தக உதவியாளர்) ஒருவர் இருந்தார். ஓடிப்போய் அழைத்து வந்தேன். கிளாஸை எடுத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“என்னம்மா இது, பாகு மாதிரி இருக்கு? ரத்தத்தைவிடக் கெட்டியா எது குடலுக்குள்ள போனாலும், ரத்தத்துல இருக்கிற தண்ணி அங்க இறங்கிடும். நீ புள்ளைக்குத் தண்ணி குடுக்கல, புள்ளைகிட்ட இருந்து வாங்கியிருக்க.”

புதிய பாக்கெட்டை அளந்து கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டச் சொன்னார். கண்ணீர் வராததால் மறுபடியும் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார். மாலையில் பையன் சிறுநீர் போனதும்தான் எனக்கு உயிரே வந்தது.

அப்புறம் இதைத் தேடித் தேடிப் படித்தேன். சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாயில் வழியாகச் சேர்ந்து உள்ளே போகின்றன. தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. அந்த ஓட்டத்தில், செல்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாக இன்னும் கொஞ்சம் சர்க்கரை தானாகவே இழுபட்டுப் போகலாம். இதற்குக் குடலிலுள்ள திரவம் நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடும். ரத்தத்தில் கரைந்திருப்பவற்றின் செறிவு லிட்டருக்குச் சுமார் 290 மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அளவு). உலக சுகாதார நிறுவனத்தின் பழைய உப்புக்கரைசல் 311. அதை 2002இல் 245ஆகக் குறைத்தார்கள். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். நான் ஊற்றிய சிரப்பை நினைத்தால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

*

அக்கா, உங்கள் சிரப் கதையைப் படித்தேன். எங்கள் வீட்டில் ஆப்பிள் ஜூஸ். மகளுக்குக் காய்ச்சல் கிடையாது, நன்றாக விளையாடுவாள், ஆனால் தினமும் நாலைந்து முறை இளகிப் போகும். டாக்டர் முதலில் கேட்டதே, “என்ன குடிக்கிறாள்?” என்றுதான். ஆப்பிளில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் அதிகமாம். அதைச் சோடியம் தள்ளிவிடாது. செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாக நகர்வதுதான் அதற்கு வழி. அதுவும் ஓரளவுக்குத்தான். மிச்சம் குடலிலேயே தங்கி, தண்ணீரை இழுத்து, பெருங்குடலில் புளித்துக் காற்றாகிறது. ஜூஸை நிறுத்தி ஒரு வாரத்தில் சரியானது.

*

என் கதையும் இதுதான். நான் செம்பனைக் குலை வெட்டுகிறவன். வெயிலில் தாகம் தாங்காமல் குளிர்ந்த கேஸ் தண்ணியை (இனிப்புச் சோடாவை) ஒரே மூச்சில் குடிப்பேன். வயிறு கல்லு மாதிரி ஆகும், தாகமும் தீராது. 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை இருந்தால் வேறென்ன ஆகும்! இப்போது வெறும் தண்ணீர்தான் முதலில். சாப்பாட்டுத் தூக்கில் உப்புப் போட்ட கஞ்சி. மத்தியானம் வரை தெம்பாக வெட்ட முடிகிறது.