பில்லில் 6 விழுக்காடு, மாமாவின் ஹைலக்ஸ்

(வரியைப் பற்றி மலேசியாவிலிருந்து மூன்று பேர் எழுதியது.)

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கணக்காளரிடம் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் பிறந்தால் சொந்தக்காரர்கள் இஏ பாரத்தை (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளப் படிவம்) தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அதனால் யார் என்ன கொள்கை பேசுகிறார்கள் என்பதும் தெரியும், அவர்கள் கணக்கும் தெரியும். இரண்டும் ஒரே மேசையில் மோதிய கதை இது.

2025 ஏப்ரல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. மாமா, அவர் மகன், மகள், நான். பில்லின் அடியில் சேவை வரி 6 விழுக்காடு. மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சோற்றுக்கும் வரி. உழைக்கிறவன்கிட்ட பிடுங்கி, உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கொடுக்கிறானுங்க" என்றார்.

மாமாவுக்கு மூன்று லாரி ஓடுகிறது. பழைய ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) ஆள். உதவித்தொகை என்றாலே ஆகாது. மகன் தொழிற்சங்கம், 2014 மே தினப் பேரணியில் ஜிஎஸ்டி வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தியவன். "1991 வரைக்கும் இங்க வாரிசுச் சொத்துக்கு வரி இருந்துச்சுப்பா. அதை யாருக்காக எடுத்தாங்க?" என்று ஆரம்பித்தான். மகள் வங்கியில் இருக்கிறாள். அவளுக்குக் கட்சி கிடையாது. சம்பளச் சீட்டில் பிசிபி (மாதாமாதம் கழிக்கும் வருமான வரி) பிடித்திருப்பதைப் பார்க்கும்போது மட்டும் அரசியல் வரும்.

"அத்தான்கிட்டயே கேளுங்க, யாரு எவ்வளவு கட்டுறாங்கன்னு" என்றாள். டிஷ்யூ தாளில் போட்டுக் காட்டினேன். மச்சானுக்கு மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்). ஆண்டுக்கு 48,000. சொந்தக் கழிவு 9,000, சேமநிதி 4,000 போனால் மிச்சம் 35,000. அதற்கு வரி 600. 35,000க்கு மேல் போகாததால் 400 தள்ளுபடி. ஆக, ஆண்டு முழுவதற்கும் 200 வெள்ளி. அவளுக்கு மாதம் 12,000. அதே இரண்டு கழிவோடு போட்டால் 17,150.

"பார்த்தியாண்ணே? நாட்டைத் தூக்கிச் சுமக்கிறது யாரு?"

அவன் விடுவானா? "என் சம்பளம் மொத்தமும் மாசக் கடைசிக்குள்ள செலவாகுது, செலவுல பாதிக்கு ஏதாவது ஒரு வரி ஒட்டிட்டு வருது. நீ போன வருஷம் பங்கு வித்து லாபம் பார்த்தியே, அதுக்கு எவ்வளவு கட்டினே?" பங்குச் சந்தையில் தனிநபர் விற்கும் பங்கின் லாபத்துக்கு இங்கே வரி இல்லை. அவள் பாயசத்தைக் கிண்டினாள்.

மாமா சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. 2024 ஜூன் 10 அன்று டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது அல்லவா? லாரிகளுக்கு மானிய அட்டை இருந்தது. அடிபட்டது அவர் சொந்தமாக ஓட்டும் ஹைலக்ஸ் டீசல் பிக்கப்தான். அந்த வாரம் முழுக்க தினமும் எனக்கு போன் செய்து திட்டினார். "அதுவரைக்கும் வாங்கினதும் உதவித்தொகைதானே மாமா?" என்றேன்.

"அது வேற."

அப்புறம் மச்சான். பில் கட்டி வெளியே வந்ததும் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "ராத்திரி கிராப் ஓட்டுறேன்ல, அதையும் போடணுமா?" என்று மெதுவாகக் கேட்டான். வாரிசுச் சொத்துக்கு வரி கேட்டவன்! ஆனால் அவன் பயத்தில் நியாயமும் இருந்தது. செலவு போக 3,000 வெள்ளி லாபம். அதைச் சேர்த்தால் 38,000. தள்ளுபடி 400 அப்படியே போய், வரி 200லிருந்து 780 ஆகும். 35,000 என்ற அந்தக் கோடு படிக்கட்டு இல்லை, கிணறு. பணக்காரனுக்கு எத்தனை விழுக்காடு என்று சண்டை போடுகிறவர்கள் இதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

கடைசியில் சம்பளம் மட்டும் உள்ளவர்களுக்கான பிஇ பாரம் வேண்டாம், தொழில் வருமானமும் காட்டுகிற பி பாரம் போடு, ஜூன் 30 வரை நேரம் இருக்கிறது என்று சொல்லி ரசீதுகளைத் தேடச் சொன்னேன். கைப்பேசி, இணையக் கட்டணம் 2,500, அத்தையின் கண் சிகிச்சைக்கு 1,000. வருமானம் 34,500க்கு இறங்கியது. வரி 185. ஒழுங்காகக் கணக்குக் காட்டியதில் 15 வெள்ளி லாபம்.

*

மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறேன். 2018 ஜூன் 1, ஜிஎஸ்டி பூச்சியமான காலை. ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே ஒரு அம்மா நின்றிருந்தார். "6 விழுக்காடு குறை" என்றார், குறைத்தேன். செப்டம்பரில் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. விற்பனை வரியை ஆலையிலோ துறைமுகத்திலோ பிடித்துவிடுகிறார்கள், என் பில்லில் அது வராது. என்னைக் கேட்டால், பில்லில் தெரிகிற வரிதான் நேர்மையானது. இதைச் சொன்னால் என் மகன் என்னை வலதுசாரி என்கிறான்.

*

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். சில வருஷத்துக்கு முன் பட்டர்வொர்த் படகுத்துறையில் ஒரு தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவராம். "எழுபது வயசு ஆச்சு, கவர்மெண்டுக்கு ஒரு காசு வரி கட்டினதில்லை" என்று பெருமையாகச் சொன்னார். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. நான் அப்போது புதிதாக இடதுசாரி. மறைமுக வரி ஏழையை எப்படி உறிஞ்சுகிறது என்று ஆரம்பித்துவிட்டேன். அப்போது ஒரு குச்சிக்கு 40 காசு கலால் வரி, பெட்டிக்கு 8 வெள்ளி, ஒரு நாளைக்கு ஒரு பெட்டி என்றால் வருஷத்துக்கு 2,920 வெள்ளி, "உங்க மேனேஜர் கட்டினதைவிட அதிகமா இருக்கும் தாத்தா" என்றேன்.

அவர் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வரி முத்திரையே இல்லை.

"கடத்தல் சரக்கு, தம்பி. அஞ்சு வெள்ளி. உனக்கு வேணுமா?"