சிம்பன்சி பார்க்க உகாண்டா: 61 வயதில், முட்டி வலிக்காரியோடு, 9 நாளில் முடியுமா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் வழியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இங்கே இதுவரை தென்னை வாடல் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இன்றைக்குக் கேள்வி கொஞ்சம் தூரம் போகிறது.

முப்பது வருடம் வகுப்பில் ஒரு கதை சொல்லி வந்தேன். 1960இல் ஜேன் குடால் என்ற இளம்பெண் ஆப்பிரிக்கக் காட்டில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். ஒரு சிம்பன்சி புல் தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டு, கடித்துத் தொங்கிக்கொண்டு வரும் கறையான்களை உதட்டால் வழித்துத் தின்றது. மனிதன் மட்டும்தான் கருவி செய்வான் என்ற பேச்சு அதோடு முடிந்தது. இதைத் தென்னை ஈர்க்கை வைத்து நடித்தும் காட்டுவேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 2025 அக்டோபரில் அவர் 91 வயதில் இறந்த செய்தி டிவியில் ஓடியபோது வீட்டுக்காரி கேட்டாள்: "சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆயிட்டீங்க. ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வந்தா என்ன?"

அந்த ஒரு வார்த்தையில் கிளம்பியதுதான் எல்லாம். ஒரு டிராவல்ஸ்காரர் 9 நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். கென்யாவில் நைரோபியில் இறங்கி மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் 2 இரவு, பிறகு உகாண்டாவில் கிபாலே காட்டில் சிம்பன்சி, குயீன் எலிசபெத் பூங்காவில் சிங்கம், யானை, கடைசியில் புவிண்டி காட்டில் கொரில்லா. "சிம்பன்சி 100 சதவீதம் உறுதி" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார். ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் போனால் 9 வயதுப் பேரனையும் கூட்டிப் போகலாம் என்று நினைப்பு. வீட்டுக்காரிக்கு 57 வயது, இடது முட்டியில் தேய்மானம். சமதரையில் நன்றாக நடப்பாள், இறக்கத்தில்தான் முனகுவாள்.

போனவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். ஓய்வுப் பணத்தில் கை வைக்கிற விஷயம்.

ஆனைமலை ஓரம்:

மாஷே, சேத்துமடை ஏறி டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போனால் போதாதா? யானை, காட்டெருமை, கரடி எல்லாம் இருக்கிறது. குரங்குதான் வேண்டுமென்றால் வால்பாறை புதுத்தோட்டத்தில் சோலைமந்தி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்திருக்கும். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டில் கஞ்சி குடிக்கலாம்.

குமுளி ஏலக்காய்:

அண்ணே, அவர் கேட்டது சிம்பன்சி. சோலைமந்திக்கு வால் இருக்கிறது.

மாஷே, நான் 2025 பிப்ரவரியில் கிபாலே போனவன். போயும் சிம்பன்சியைப் பார்க்காமல் வந்தவன். என் பேச்சைக் கேட்பதா வேண்டாமா என்று கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குமுளியில் இருந்து 6 பேர் போனோம்: நான், வீட்டுக்காரம்மா, மச்சானும் அவர் மனைவியும், ஏலக்காய் ஏலத்தில் பழக்கமான ஒருவரும் அவர் வீட்டம்மாவும். அங்கே ஒரு ரேஞ்சரோடு 6 பேர்தான் ஒரு குழு, கணக்குச் சரியாக இருந்தது. விமானத்து ஏசியில் எனக்குத் தொண்டை கரகரத்தது, வேன் ஜன்னலைத் திறந்துவைத்து வந்ததில் செம்மண் தூசியும் சேர்ந்தது. கன்யாஞ்சு என்ற இடத்தில்தான் காலையில் எல்லோரையும் உட்காரவைத்து விதிகளைச் சொல்வார்கள். தூரம் விட்டு நிற்க வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, காட்டுக்குள் தின்பண்டம் எடுக்கக் கூடாது. அந்தப் பேச்சு நடக்கும்போது இரண்டு முறை இருமினேன். அவ்வளவுதான். ரேஞ்சர் அம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தூசிதான்" என்றேன். "இருக்கலாம். ஆனாலும் இன்றைக்கு நீங்கள் உள்ளே போக முடியாது" என்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான். பர்மிட் மட்டும் 250 டாலர் (2024 ஜூன் வரை 200 ஆக இருந்தது). பிறகு அவர் சொன்ன கதையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். 2013இல் அதே கிபாலேயின் கன்யாவாரா பகுதியில் 56 சிம்பன்சிகள் இருந்த ஒரு கூட்டத்தில் 5 செத்துவிட்டன. காரணம், மனிதனுக்குச் சாதாரணச் சளி தரும் ரைனோ வைரஸில் ஒரு வகை. நமக்குச் சுக்குக் காப்பியில் போகும் சளி அதற்கு நுரையீரல் வரை போய்விடுகிறது. இதைப் பணம் வாங்கும்போதே எங்கள் டிராவல்ஸ்காரர் சொல்லியிருக்கலாம். யானைப் படம் போட்ட தொப்பி கொடுத்தாரே தவிர இதைச் சொல்லவில்லை.

மற்ற ஐந்து பேரும் உள்ளே போக, நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் காட்டுக்குள் இருந்து சத்தம் வந்தது. தேக்கடியில் விடியற்காலையில் கருமந்தி ஹூம் ஹூம் என்று முழங்குமே, தொடக்கம் அந்த மாதிரி. அப்புறம் மூச்சு வாங்குவதும் விடுவதுமாக ஏறி ஏறிப் போய், கடைசியில் சண்டையில் பெண்கள் வீறிடுவது போல ஒரு அலறல். உடனே இன்னொரு பக்கத்தில் இருந்து பதில். நடுவில் தொம் தொம் என்று பறை. மரத்தின் பலகை வேரைக் காலாலும் கையாலும் அடிப்பதாம் அது. கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரம்மா திரும்பி வந்து வேனில் சொன்னது இது. ஒரு பெரிய ஆண் சிம்பன்சி நடைபாதையின் குறுக்கே மல்லாந்து படுத்து, ஒரு காலைத் தூக்கி மற்ற முட்டியின் மேல் போட்டுக்கொண்டு, மத்தியானம் சாய்வு நாற்காலியில் கிடக்கும் எங்கள் மாமனார் மாதிரியே தொப்பையைச் சொறிந்துகொண்டிருந்ததாம். கொஞ்ச தூரத்தில் ஒரு தாய் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தது. அதன் வலது கையில் விரல்களே இல்லை. மொட்டை மணிக்கட்டால் கிளையை வளைத்துப் பிடித்து, இடது கையால் பறித்தது. காட்டுப் பன்றிக்கும் சிறு மானுக்கும் ஊர்க்காரர்கள் வைக்கும் கம்பிச் சுருக்கில் மாட்டியதாம், அந்தக் காட்டில் இப்படிக் கை கால் ஊனமானவை நிறைய. நம் மலைத் தோட்டங்களில் பன்றிக்கு வைக்கிறார்களே, அதே சுருக்கு. வீட்டுக்காரம்மா அதற்கு மேல் படம் எடுக்கவில்லை.

சரி, உங்கள் ஈர்க்குக் கதைக்கு வருகிறேன். பெஞ்சில் இருந்தபோது ரேஞ்சரிடம் இதைத்தான் கேட்டேன். சிரித்தார். கறையான் புற்றில் குச்சி விடுவது தான்சானியாவின் கோம்பே சிம்பன்சிகள், அதாவது ஜேன் குடால் பார்த்த கூட்டம். கிபாலேயில் குச்சி எடுப்பது தேனுக்கு. இன்னும் வடக்கே புடோங்கோ காட்டுச் சிம்பன்சிகள் சாப்பாட்டுக்குக் குச்சியையே எடுப்பதில்லை, இலையை மென்று பஞ்சு போல் ஆக்கித் தண்ணீரை ஒற்றிக் குடிக்கும். பாலக்காட்டான் சாம்பார் வேறு, தேனிக்காரன் சாம்பார் வேறு என்பது போல, கூட்டத்துக்குக் கூட்டம் பழக்கம் வேறு. ஆகவே கிபாலே போய்விட்டுக் கறையான் எங்கே என்று தேடாதீர்கள். அதுதான் வேண்டுமென்றால் கோம்பே போக வேண்டும். கிகோமா ஊர் வரை போய், அங்கிருந்து தாங்கன்யிகா ஏரியில் படகு. ஆனால் அது ஏரிக்கரையில் இருந்து செங்குத்தாக ஏறும் மலை. அம்மாவின் முட்டிக்கு ஆகாது. கிபாலே பெரும்பாலும் சமதரை, அங்கங்கே சேறும் வேரும்தான்.

100 சதவீதம் உறுதி என்று எந்த ரேஞ்சரும் சொல்ல மாட்டார். கிபாலேயில் பெரும்பாலும் பார்த்துவிடலாம் என்பது உண்மை. கண்டபிறகு ஒரு மணி நேரம்தான், அது மரத்துக்கு மேலேயே இருந்துவிட்டால் கழுத்து வலியோடு திரும்ப வேண்டியதுதான். மசாய் மாராவையும் புவிண்டியையும் வெட்டிவிட்டு அந்தக் காசில் கிபாலேக்கு இரண்டாவது நாள் பர்மிட் வாங்குங்கள். ஒன்பது நாளில் நான்கு இடம் என்றால் நீங்கள் பார்ப்பது வேன் ஜன்னலைத்தான்.

குயீன் எலிசபெத்தை மட்டும் விடாதீர்கள். கிபாலேயில் இருந்து தெற்கே சில மணி நேரம்தான். ஜார்ஜ் ஏரியையும் எட்வர்ட் ஏரியையும் இணைக்கும் கசிங்கா கால்வாயில் படகு உண்டு. தேக்கடிப் படகில் எத்தனை தடவை போயிருப்பேன், முல்லைப் பெரியாறு தண்ணீரில் நிற்கும் பட்ட மரங்களை எண்ணிவிட்டு, தூரத்துக் கரையில் கறுப்பாக ஏதாவது அசைந்தால் யானை என்று கத்துவோம். கசிங்காவில் நீர்யானை படகுக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விடுகிறது, நாற்றம் முகத்தில் அடிக்கிறது. பெண் யானைக்கும் தந்தம் இருப்பதைப் பார்த்து மச்சான் "கொம்பன், கொம்பன்" என்று கத்திக்கொண்டே இருந்தார். அது குட்டிக்குப் பால் கொடுத்த பிறகுதான் அடங்கினார்.

வேலந்தாவளம் டு கம்பாலா:

மாஷே! நான் வேலந்தாவளம். நாலு வருடமாகக் கம்பாலாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

பேரனை நினைத்தால்தான் கஷ்டம். 12 வயது ஆகாத பிள்ளையைச் சிம்பன்சி நடைக்கு விடமாட்டார்கள், கொரில்லாவுக்கு 15. கொரில்லா பர்மிட் 800 டாலர், தலைக்கு! அதுவும் புவிண்டி செங்குத்துக் காடு, இறக்கத்தில் முட்டி போய்விடும். பையன் வந்தே தீருவான் என்றால், நீங்கள் இருவரும் காட்டுக்குள் போகும்போது மகனோ மருமகளோ அவனைப் பிகோடி சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப் போகட்டும். கிபாலேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள், செங்குரங்குக் கூட்டமும் நீலமாகப் பெரிய பறவைகளும் உண்டு.

ஏப்ரல், மே இங்கே நல்ல மழைக்காலம். வழுக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இல்லையென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது.

மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். உள்ளே வரவும் கேட்பார்கள். திரும்பும்போது அது இல்லையென்றால் நம் நாட்டில் 6 நாள் வரை பிடித்து வைப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். உங்களுக்குக் கொச்சி வில்லிங்டன் தீவுத் துறைமுக சுகாதார அலுவலகம்தான் தோது. 60 தாண்டியவர்களுக்கு முதல் முறை போடும்போது பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் அதிகம், முட்டை அலர்ஜி இருந்தாலும் யோசிக்க வேண்டும். அதனால் உங்கள் டாக்டரிடம் முதலில் பேசுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உகாண்டா மட்டும் என்றால் விசா 50 டாலர், ஆன்லைனில் எடுக்கலாம். கென்யா, ருவாண்டாவும் சேர்ந்தது 100. கருநீலம், கறுப்புச் சட்டை வேண்டாம், கடிக்கிற செட்ஸி ஈக்கு அந்த நிறம் பிடிக்கும். காட்டில் எறும்பு பேண்டுக்குள் ஏறும், சாக்ஸுக்குள் பேண்டைச் சொருகிக்கொள்ளுங்கள். பை தூக்க அந்த ஊர் ஆட்களைக் கூலிக்கு வைக்கலாம், அம்மாவுக்குக் கை கொடுத்தும் கூட்டிப் போவார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே படாதீர்கள். ரோட்டோரத்தில் ரோலெக்ஸ் கிடைக்கும். வாட்ச் இல்லை, சப்பாத்திக்குள் முட்டையை வைத்துச் சுருட்டித் தருவது. சைவம் என்றால் மட்டோக்கே, பச்சை வாழைக்காயை இலையில் மூடி அவித்து மசித்தது. முதல் வாய்க்கு உப்புச் சப்பில்லாமல் இருக்கும். நான் வீட்டில் இருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டேன், அப்புறம் இறங்கிவிட்டது. கிபாலேக்குப் பக்கத்து ஊரான ஃபோர்ட் போர்ட்டல் பக்கம் போனால் ரோட்டின் இரண்டு புறமும் தேயிலைத் தோட்டம், வால்பாறையில் நிற்கிறோமோ என்றிருக்கும்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

உங்கள் எல்லோருக்கும் நன்றி. முப்பது வருடமாக "சிம்பன்சி இப்படிச் செய்யும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். கோம்பே சிம்பன்சி இப்படிச் செய்யும் என்று சொல்லியிருக்க வேண்டும். பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் நோட்டில் திருத்திக்கொள்ளவும்.

வீட்டுக்காரிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். விரல் இல்லாத தாய் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "கொரில்லா வேண்டாம், கென்யா வேண்டாம், அந்தக் காட்டுக்கு ரெண்டு நாள் போதும்" என்றாள். பேரனுக்கு 12 ஆகட்டும், அப்போது எனக்குக் கால் இருந்தால் பார்க்கலாம். ஜனவரியில் நாங்கள் இருவர் மட்டும். குமுளிக்காரரே, ஒரே ஒரு சந்தேகம். இருமல் வராமல் இருக்க நீங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

குமுளி ஏலக்காய்:

கிளம்புவதற்கு முந்தின பத்து நாளும் கல்யாண வீடு, சாவு வீடு, பஸ் ஸ்டாண்டு எதற்கும் போயிருக்கக் கூடாது மாஷே. நான் முந்தின வாரம் கம்பத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். விமானத்தில் முகக்கவசம் போடுங்கள். போய் இறங்கியதும் மறுநாளே காட்டுக்குள் நுழையாமல் ஒரு நாள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் சும்மா இருங்கள், தொண்டை தெளியும். அதையும் மீறி இருமல் வந்துவிட்டால் மறைக்காதீர்கள், அம்மாவை அனுப்பிவிட்டுப் பெஞ்சில் உட்காருங்கள். அந்த டீ நன்றாகவே இருந்தது.