பூச்சிமருந்து அடிக்கப் போய் மயங்கி விழுந்த கதை: உங்கள் ஊரில் எப்படி?

நீடாமங்கலம் பக்கம்:
போன சம்பாவில் எங்கள் சித்தப்பா முறை ஒருவருக்கு நடந்தது. வயலில் புகையான் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாகப் பயிர் காய ஆரம்பித்துவிட்டது. புகையான் தூரில்தான் உட்கார்ந்திருக்கும், மேலாக அடித்தால் பிரயோஜனம் இல்லை, பயிரை ஒதுக்கி ஒதுக்கித் தூரில் படும்படி அடிக்க வேண்டும், அதனால் அடிக்கிற ஆளுக்கு இடுப்புக்குக் கீழே முழுக்க மருந்தில் நனைந்துவிடும். மடித்துக் கட்டிய லுங்கி, வெறுங்கால், மூக்கை மூடி ஒரு ஈரத்துண்டு, அவ்வளவுதான். நடுவில் மருந்து பீய்ச்சுகிற நாசில் அடைத்துக்கொண்டது. கழற்றி வாயில் வைத்து ஊதினார், எச்சிலைத் துப்பினார், மறுபடி மாட்டினார். வரப்பில் நின்ற யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் வாந்தி. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, எச்சில் நிற்காமல் வழிகிறது, கண் மங்குது என்கிறார். "காலையில சாப்பிடாம வந்திருப்பாரு, இளநி குடுங்கடா" என்றார்கள். இன்னொருவர் உப்பைக் கரைத்துக் கொடுத்து மொத்தமாக வாந்தி எடுக்க வைக்கலாம் என்று சொம்போடு ஓடி வந்தார். நல்லவேளை, எங்கள் ஊர் நர்ஸ் அக்கா வந்துவிட்டார். கண்ணைப் பிரித்துப் பார்த்தவர், "கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கிக் கிடக்கு, பசியாவது ஒண்ணாவது, 108க்குப் போன் போடு" என்று சத்தம் போட்டார். வாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார். கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் வண்டியிலேயே ஏற்றினார். டப்பாவைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் உடனே அந்த விஷத்துக்கு மாற்றான அட்ரோபின் ஊசி ஆரம்பித்தார்கள். பிழைத்துவிட்டார்.

வாயால் குடித்தால்தான் விஷம் என்று ஊரில் இன்னமும் நினைக்கிறார்கள். தோல் வழியாகவே உள்ளே இறங்கும். முகத்தில் கட்டுகிற ஈரத்துண்டு மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு மூக்கிலும் வாயிலும் ஒட்டியே கிடக்கும்.

பாபநாசம், முன்பு உரக்கடையில் வேலை பார்த்தேன்:
கடைக்கு வருகிறவர்கள் கேட்பதே "நல்லா கேக்குற மருந்தா குடுங்க" என்றுதான். டப்பாவில் இருக்கிற முக்கோணத்தை யாரும் பார்ப்பதில்லை. சிவப்பு என்றால் கடும் விஷம், அதற்கு அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சை என்பதற்காக அதில் கைவிட்டுக் கலக்கலாம் என்று அர்த்தம் இல்லை. என்னைக் கேட்டால் அடிக்கும் நேரத்தைவிடக் கலக்கும் நேரம்தான் மோசம், தண்ணீர் சேராத மருந்து அப்படியே கையில் படுகிறது. நீளக் குச்சியால் கலக்குங்கள், கையில் ரப்பர் உறை போடுங்கள். துணி உறை போட்டால் அதுவே ஊறிப்போய்க் கையில் ஒட்டிக்கொள்ளும். நாசில் தனியாகவே விற்கிறது, ஒன்று கூடுதலாகப் பையில் கிடக்கட்டும், பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றும்.

வலங்கைமான்:
முப்பது வருஷமா அடிக்கிறோம் தம்பி, எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. ரொம்பத்தான் பயமுறுத்துறீங்க.

நீடாமங்கலம் பக்கம்:
அண்ணே, சித்தப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பார்த்த டாக்டர் சொன்னது இது: இந்த வகை மருந்து நரம்புக்கு வேண்டிய ஒரு நொதியை முடக்கிவிடும், அது பழையபடி ஊற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் இன்னொரு வயல், இன்னொரு வயல் என்று தொடர்ந்து அடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போய், என்றைக்கோ ஒருநாள் சின்ன அளவே ஆளைச் சாய்த்துவிடும். நேற்று வரை ஒன்றும் ஆகவில்லையே என்பது இதில் கணக்கே கிடையாது.

திருத்துறைப்பூண்டி:
என் வீட்டுக்காரர் கூலிக்கு மருந்து அடிப்பவர். டேங்குக்கு இவ்வளவு என்று பேசுவதால் காற்று எழும்பினாலும் நிறுத்த மாட்டார், எத்தனை டேங்க் ஓடுதோ அத்தனை காசு. காற்றுக்கு எதிரே நடந்தால் அடித்தது பூராவும் தன் மேலேயேதான் விழும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். அடித்து முடித்தால் உடம்பு வலிக்கு என்று சரக்கு வேறு. ஒருநாள் தள்ளாடிக்கொண்டு வந்து திண்ணையில் படுத்தவரைக் குடித்திருக்கிறார் என்றே எல்லாரும் விட்டுவிட்டார்கள், வாயில் நுரை தள்ளிய பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். அடித்த அன்றைக்குக் குடிக்காமல் இருந்தால் குறைந்தபட்சம் எது போதை, எது மருந்து என்றாவது தெரியும்.

இப்போது போர்செட்டிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அந்தத் துணிக்குத் தனி வாளி, பிள்ளைகள் துணியோடு சேர்ப்பதே இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், ஆயிரக்கணக்கில் மருந்து வாங்குகிற நிலத்துக்காரருக்கு ஒரு ஜோடி ரப்பர் உறை வாங்கித் தர என்ன வந்தது? கூலி பேசும்போதே அதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சிலர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கித் தருகிறார்கள். ஒருவர் மட்டும் "இதெல்லாம் புதுசா இருக்கே" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.