ராக்கெட், சாட்டிலைட் ப்ரோக்ராம் போனவங்க வாங்க, மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம் சொல்லுங்க

ரோஸ்ஹில்_மிஸ்:

நான் இங்க மொரிஷியஸ்ல பிரைமரி ஸ்கூல்ல தமிழ் சொல்லித் தர்றேன், பசங்களை பஸ்ல கூட்டிட்டுப் போக ஆள் பத்தலன்னு தான் அந்த ராக்கெட் ப்ரோக்ராமுக்கு என்னையும் சேர்த்து அனுப்புனாங்க. கிரேடு 5 பசங்க. வாட்டர் ராக்கெட், உங்களுக்கே தெரியும், கோலா பாட்டில்ல தண்ணி ஊத்தி சைக்கிள் பம்ப்ல காத்தடிச்சு மேல விடறது, அட்டையில வெட்டின இறக்கை. மத்தியான வெயில் மண்டையைப் பொளக்குது, ஒவ்வொரு குரூப்பா விடறாங்க, பசங்க ஒரே கத்தல். என் கிளாஸ்ல ஒரு பையன், எந்தப் பீரியட்லயும் வாயே திறக்க மாட்டான். எல்லாரும் அண்ணாந்து பார்க்கறப்போ இவன் மட்டும் கீழ லாஞ்சர் பக்கத்துல சிந்தின தண்ணியையே பார்த்துட்டு நிக்கறான். ஒரு குரூப் கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்திச்சு, அது கூரை உயரம் கூட எழும்பல. இன்னொரு குரூப் தண்ணியே ஊத்தல, டப்புன்னு ஒரு சத்தம், பக்கத்துலயே விழுந்துடுச்சு. இவன் நேரா அந்த டிரெய்னர்கிட்ட போய் க்ரியோல்ல கேட்டான், மூணுல ஒரு பங்கு ஊத்தினா தான் மேல போகுது, அது ஏன்னு. அவர் வாட்சைப் பார்த்தார், போட்டோவுக்கு நேரமாச்சு வரிசையா நில்லுங்கன்னுட்டார். சர்டிபிகேட் கொடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, முடிஞ்சுது. பஸ்ல என் பக்கத்துல வந்து உட்கார்ந்து அதே கேள்வியை என்கிட்ட கேட்டான். அந்த முகம் இன்னும் போகல எனக்கு. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தா எழுதுங்க.

வாக்வா_ரேடியோ:

மிஸ், உங்க கேள்விக்குப் பதில் தெரிஞ்சவங்க வருவாங்க, நான் மிர்-சாட் 1 பத்தி சொல்லிடறேன். 2021 ஜூன் 3 ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்ல ஏறி ஐஎஸ்எஸ்ஸுக்கு, அதான் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போச்சு, ஜூன் 22 அங்க ஜப்பான்காரங்களோட கிபோ மாட்யூல்ல இருந்து வெளிய விட்டாங்க, நம்ம நாட்டோட முதல் சாட்டிலைட். அன்னைக்கு அக்கா பசங்க எல்லாம் வீட்ல தான், லைவ் போட்டு உட்கார வச்சேன். பெரியவனுக்கு ஏமாத்தம், ராக்கெட் நெருப்பெல்லாம் எதிர்பார்த்தான் போல, வந்தது என்னன்னா ஒரு சின்ன டப்பா, பத்து சென்டிமீட்டர் கனசதுரம், சத்தமில்லாம வெளிய வந்து மிதக்குது, அவன் எழுந்து போயிட்டான். சின்னவ மட்டும் நகரல.

அதுக்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அது நம்ம தீவு மேல வர்ற நேரம் பார்த்து மொட்டை மாடியில ஆன்டெனாவைப் பிடிச்சுட்டு நின்னோம். ரொம்ப நேரம் வெறும் இரைச்சல், நடுவுல ஒரு சின்ன கிர்ர்ர். சின்னவ ஸ்பீக்கர்ல காதை ஒட்ட வச்சுட்டு "மாமா, அது நம்மளுதா"ன்னா. ஆமாம்மா நம்மளுது தான்னேன். மறுபடியும் கேட்டா, "நிஜமாவே நம்மளுதா?" ஏழு வயசுப் பொண்ணு, ரெண்டு தடவை கேட்டா.

டர்பன்_தம்பி:

நான் மொரிஷியஸ் இல்ல, இங்க தென்னாப்பிரிக்காவுல சாட்ஸ்வொர்த்ல இருக்கேன், ஆனா வாக்வா அண்ணன் சொன்னதுல எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. மிர்-சாட் பண்ண உதவினது க்ளாஸ்கோவில இருக்கற ஏஏசி கிளைட் ஸ்பேஸ் கம்பெனி. வெளிய வாங்கி மேல விடறது நாட்டுக்குப் பெருமை, சரி, ஆனா பையன் பொண்ணுக்கு அதுல என்ன பாடம்? கையில எடுத்துப் பார்க்க முடியாததை எப்படி கத்துக்கறது?

என் கதை மெழுகு. குவாசூலு-நாட்டால் யுனிவர்சிட்டில ஃபீனிக்ஸ்னு ஒரு ராக்கெட் வச்சிருக்காங்க, கேள்விப்பட்டிருப்பீங்க, எரிபொருள் பாரஃபின் மெழுகு, கூட அது எரிய ஆக்சிஜன் கொடுக்கற நைட்ரஸ் ஆக்சைடு. 2021 மார்ச்ல வெஸ்டர்ன் கேப் ஓவர்பெர்க் டெஸ்ட் ரேஞ்ச்ல விட்டது கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் போச்சு. ஒரு நிகழ்ச்சில ஒரு ஸ்டூடென்ட் அண்ணன் அந்த மெழுகு துண்டு ஒண்ணை வட்டமா எல்லார் கைக்கும் அனுப்பினார், நடுவுல ஓட்டை போட்ட உருளை. என் அக்கா பையன் அதை மோந்து பார்த்துட்டு சொன்னான், "ஆயா சாமி ரூம் வாசனை அடிக்குதே"ன்னு. அந்த அண்ணன் சிரிக்கல. ஆமா அதே மெழுகு தான், கரன்ட் போனா வீட்ல ஏத்தறோமே அது தான், காத்து போதாம மெதுவா எரியுது, ஆக்சிஜனை நிறைய கொடுத்தா ராக்கெட்டைத் தூக்குதுன்னு பொறுமையா விளக்கினார். லோட்ஷெட்டிங், அதான் கரன்ட் கட் காலத்துல வளர்ந்த பையன் அவன், மெழுகுவர்த்தின்னா அவனுக்கு ஹோம்வொர்க். அன்னைல இருந்து கரன்ட் போற ஒவ்வொரு ராத்திரியும் சுடரை உத்துப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான். இது தான்யா பாடம்.

கூட்லேண்ட்ஸ்_அப்பா:

எல்லாரும் நல்லா எழுதறீங்க. என்னுது சின்ன விஷயம், பொண்ணு போன்ல ஐஎஸ்எஸ்ல இருந்து ஒரு படம் இறங்கிச்சு, பாதி தான் வந்துச்சு, மீதி எல்லாம் கோடு கோடா, அதைப் பிரின்ட் போட்டு ஸ்கூல் பையில வச்சிருக்கா. அவ்ளோ தான்.

ஆனா இதை எப்படிப் பண்றதுன்னு சொல்றேன், ஏன்னா எந்த ப்ரோக்ராமுக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. ஐஎஸ்எஸ்ல இருக்கற அமெச்சூர் ரேடியோல வருஷத்துல அப்பப்போ எஸ்எஸ்டிவி படம், அதாவது சத்தமா மாத்தின படம், அனுப்புவாங்க, தேதியை ஐஎஸ்எஸ் ரேடியோவைப் பார்த்துக்கற ஏரிஸ் அமைப்பு முன்னாடியே அறிவிச்சுடும். 145.800 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம். இந்த அலைவரிசையைப் பிடிக்கற வாக்கிடாக்கி ரிசீவர் போதும், இல்லன்னா கம்ப்யூட்டர்ல சொருகி அதையே ரேடியோவா மாத்தற எஸ்டிஆர் டாங்கிள் ஒண்ணு வாங்கிக்கலாம். கேட்கறது தான் முக்கியம், பேசணும்னா லைசன்ஸ் வேணும், டிரான்ஸ்மிட் பட்டனைத் தொட்டுடாதீங்க. போன்ல ரோபோ36 ஆப் போட்டு ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்துல வச்சா அது சத்தத்தைப் படமா மாத்தும். ஒரு படத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகும், ஸ்டேஷன் நம்ம தலைக்கு மேல மொத்தமே ஒரு பத்து நிமிஷம் தான் இருக்கும், மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம்ல, அதனால வந்தா ரெண்டு மூணு படம். அடிவானத்துல இருந்து ஏறி வர்றப்போ அலைவரிசை கொஞ்சம் மேல இருக்கும், தாண்டிப் போறப்போ கீழ இறங்கும், ஆம்புலன்ஸ் சைரன் கிட்ட வர்றப்பவும் தள்ளிப் போறப்பவும் மாறுதுல்ல, அதே டாப்ளர் தான். 3.5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் நகரும், அதனால ஏறறப்போ 145.803 பக்கம் வச்சுட்டு அப்புறம் இறக்கிட்டே வாங்க. மலை மறைக்காத இடமா பாருங்க, வடக்கே எங்க பக்கம் சமதரைங்கறதால வசதி, மோக்கா பக்கம் இருக்கறவங்க கடற்கரைக்கு வந்துடுங்க. கூட ரெண்டு ஸ்பேர் பேட்டரி. அந்த நேரத்துல பசங்களைப் பேச விடாதீங்க, போன் மைக் எல்லாத்தையும் பிடிச்சுக்கும், என் பொண்ணோட பாதிப் படம் கெட்டது எங்க வீட்டு நாய் குரைச்சதால.

பழைய_பாம்ப்லமூஸ்:

2006 மார்ச்ல கலாம் ஐயா நம்ம தேசிய தினத்துக்கு வந்தப்போ ரோட்டோரம் நின்னேன். கார் போச்சு. கண்ணாடிக்குப் பின்னாடி அந்த முடி தெரிஞ்சுது. என் தம்பி இஞ்சினியரிங் படிக்கணும்னு அன்னைக்குத் தான் வீட்ல வாய் திறந்து சொன்னான்.

ஃபிளாக்_வாத்தியார்:

பசங்களைப் பத்தியே பேசறீங்க, டீச்சர் டிரெய்னிங் பத்தி நான் சொல்றேன். ஒரு ஹால்ல மூணு நாள், வெளிநாட்டு ஆளுங்க, நல்ல மனுஷங்க தான், குறை சொல்லல. சேலஞ்சர் விண்வெளி ஓடத்துல போன டீச்சர் கிறிஸ்டா மெக்காலிஃப் கதை சொன்னாங்க, 1986 ஜனவரி, கிளம்பி 73 செகண்ட்ல சிதறி எல்லாம் போச்சே அது. அவங்களுக்கு மாத்தா தேர்வாகியிருந்தவங்க பார்பரா மோர்கன், அவங்க பிரைமரி டீச்சர், கடைசில 2007 ஆகஸ்ட்ல என்டெவர் ஓடத்துல போனாங்கன்னு ஒரு ஸ்லைடு. என் பக்கத்து சீட்ல ஒரு மிஸ், அடுத்த வருஷம் ரிடையர் ஆகப் போறவங்க, கை தூக்கி, அவங்களைத் தேர்வு பண்ணது எந்த வருஷம்னு கேட்டாங்க. 1985ன்னாங்க. மிஸ் நோட்ல கழிச்சுப் பார்த்தாங்க, 22ன்னு எழுதி வட்டம் போட்டாங்க. எனக்கு அந்த வட்டம் தான் ஞாபகம் இருக்கு, டிரெய்னிங்ல மத்த எல்லாம் மறந்து போச்சு.

அப்புறம் நடந்தது தான் வயித்தெரிச்சல். ஆளுக்கு ஒரு கிட் கொடுத்து அனுப்புனாங்க, சென்சார், சின்ன மோட்டார், எல்லாம் இருக்கு. ஸ்கூல்ல அதை இன்வென்டரில ஏத்தியாச்சு, ஏத்தின பொருள் தொலைஞ்சா பொறுப்பு யாருன்னு பேச்சு வந்துச்சு, அலமாரில பூட்டியாச்சு. பசங்க கண்ணாடி வழியா பார்த்துட்டுப் போவாங்க. டிரெய்னிங்குக்குக் காசு செலவு பண்றவங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும்: "இது உடையலாம், உடைஞ்சா யார் சம்பளத்துலயும் பிடிக்கக் கூடாது." இந்த ஒரு வரி இல்லாம எத்தனை வொர்க்‌ஷாப் போட்டாலும் அலமாரிக்குத் தான் போகும்.

மாயேபூர்_பிசிக்ஸ்:

முதல்ல ரோஸ்ஹில் மிஸ்ஸுக்கு. அந்தப் பையன் கேட்டது பாடப்புத்தகக் கேள்வி இல்ல, உண்மையான ராக்கெட் கேள்வி. தண்ணி தான் கனம், அது கீழ வேகமா போனா தான் பாட்டிலுக்கு மேல உந்தல் கிடைக்கும். ஆனா அதைத் தள்ற சக்தி மேல அடைச்சு வச்ச காத்துக்குள்ள இருக்கு. தண்ணி நிறைய ஊத்தினா காத்துக்கு இடமில்ல, கொஞ்சம் விரிஞ்சதுமே அழுத்தம் விழுந்துடும், மிச்சத் தண்ணியை பாட்டில் சும்மா சுமக்கணும். தண்ணியே இல்லன்னா அழுத்தம் இருக்கு, தள்ளி விடக் கனம் இல்ல. ரெண்டும் சரியா வர்ற இடம் மூணுல ஒரு பங்கு கிட்ட. அவனையே அளந்து பார்க்கச் சொல்லுங்க, ஒரே பம்ப் அழுத்தம், தண்ணி மட்டும் மாத்தி மாத்தி, ஒரு புரோட்ராக்டர்ல நூல் கட்டி கோணம் பார்த்து உயரம் கண்டுபிடிக்கலாம், கிராஃப் போட்டா அவனுக்கே தெரிஞ்சுடும்.

இப்போ டர்பன் தம்பிக்கு. கையில தொட்டா தான் பாடம்னு அடிச்சுச் சொல்லாதீங்க தம்பி. இங்க ப்ரா தோ-ங்கற இடத்துல நம்ம ரேடியோ டெலஸ்கோப் இருக்கு, மொரிஷியஸ் யுனிவர்சிட்டியும் பெங்களூர் ராமன் இன்ஸ்டிடியூட்டும் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் அஸ்ட்ரோஃபிசிக்ஸும் சேர்ந்து கட்டினது, கிழக்கு மேற்கா ரெண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு 1024 ஆன்டெனா, சுருள் சுருளா கம்பி. வானத்துல இருந்து வர்ற, கண்ணுக்குத் தெரியாத 151.5 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை, அதுல தென் வானத்தையே வரைபடமா போட்டாங்க. என் கிரேடு 12 பசங்களைக் கூட்டிட்டுப் போனப்போ ஒருத்தி, எக்கனாமிக்ஸ் எடுத்தவ, சும்மா ஃப்ரெண்டோட வந்தவ, கம்பியைப் பிடிச்சுட்டு கேட்டா, "சேர், லென்ஸ் எங்க?" லென்ஸ் இல்லம்மா, இந்த ரெண்டு கிலோமீட்டரும் சேர்ந்து தான் லென்ஸுன்னேன். அவ அப்படியே கோட்டோட கடைசி வரைக்கும் நடந்து போயிட்டா, பஸ் டிரைவர் ஹார்ன் அடிச்சுட்டே இருக்கார், திரும்பி வரல. தொட்டது ஒரு கம்பி, புரிஞ்சது வேற ஏதோ. ஏழு வயசுப் பொண்ணு "நம்மளுதா"ன்னு ரெண்டு தடவை கேட்டா, அது பாடம் இல்லன்னு எப்படிச் சொல்ல முடியும் உங்களால?

அந்த டிரிப்புக்குப் பாதிப் பேர் வரல, சனிக்கிழமை டியூஷன்னு அப்பா அம்மா கையெழுத்துப் போடல. இதைப் பத்தி எழுதினா விடிஞ்சுடும்.

டர்பன்_தம்பி:

சேர், அந்தப் பொண்ணு விஷயத்துல நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். க்ளாஸ்கோ விஷயத்துல இல்ல. ஆப்பிரிக்காவுல செய்யறதுக்கு ஆளுங்க இருக்காங்க, கேப் டவுன்ல காலேஜ் பசங்களே கியூப்சாட், அதான் மிர்-சாட் மாதிரி சின்ன டப்பா சாட்டிலைட், பண்ணி 2013லயே மேல விட்டாங்க.

ரோஸ்ஹில்_மிஸ்:

மாயேபூர் சேர், ரொம்ப நன்றி. பையனோட அம்மா எங்க கோவிலுக்கு வர்றவங்க தான், உங்க பதிலை எழுதி வெள்ளிக்கிழமை கொடுத்துடறேன். புரோட்ராக்டர் விஷயத்தை மட்டும் படம் போட்டு அனுப்ப முடியுமா?

திரியோலே_ஹெச்எஸ்சி:

நான் ஸ்டூடென்ட், இங்க பேசலாமான்னு தெரியல. அக்கா அண்ணன் எல்லாரும் எங்களைப் பத்தி பேசறீங்க, அதனால எழுதறேன். 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான் 3 இறங்கின அன்னைக்கு நமக்கு சாயங்காலம் நாலரை மணி, நான் மேத்ஸ் டியூஷன்ல இருந்தேன். சேர் பாடத்தை நிறுத்திட்டு போனை பென்சில் டப்பா மேல சாய்ச்சு வச்சார். ஸ்க்ரீன்ல ஒரு கோடு வளைஞ்சு இறங்கிட்டே வருது, பக்கத்துல நம்பர். சேர் போர்டுல எழுதினார், 30 கிலோமீட்டர் உயரத்துல செகண்டுக்கு 1.68 கிலோமீட்டர், கீழ வர்றப்போ கிட்டத்தட்ட பூஜ்யம், காத்து இல்ல அதனால பாராசூட் இல்ல, இன்ஜினை எதிர்ப்பக்கம் எரிச்சே தான் நிறுத்தணும், எவ்வளவு டிசெலரேஷன், அதாவது ஒவ்வொரு செகண்டும் வேகம் எவ்வளவு குறையுதுன்னு போடுங்கன்னார். கிட்டத்தட்ட 19 நிமிஷம்னு வச்சு நாங்க போட்டுட்டு இருக்கறப்போவே அது இறங்கிடுச்சு, எல்லாரும் கத்தினாங்க, நானும் கத்தினேன், ஆனா பேனாவை வைக்கல. சராசரியா 1.5 மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர் வந்துச்சு. அந்த நம்பர் கார் பிரேக் போடறதை விட ரொம்ப கம்மி, அது தான் எனக்கு நம்ப முடியல, அவ்வளவு தூரம் போய் அவ்வளவு மெதுவா.

அந்த ப்ராஜெக்ட் டைரக்டர் வீரமுத்துவேல் விழுப்புரம்காரர், டிப்ளமோவில இருந்து படிச்சு வந்தவர்னு தாத்தா பேப்பர்ல படிச்சு எனக்குக் காட்டினார், வீட்ல தமிழ் எழுத்து தெரிஞ்சவர் அவர் மட்டும் தான் அப்போ. நான் தமிழ் எடுத்ததே அதுக்கப்புறம்.

பிசிக்ஸ், மேத்ஸ், தமிழ் மூணும் சேர்த்து எடுக்க எங்க ஸ்கூல்ல டைம்டேபிள் இடிக்குதுங்கறாங்க. மாயேபூர் சேர், ஃபிளாக் சேர், இதுக்கு யார்கிட்ட பேசணும்னு தெரிஞ்சா சொல்லுங்களேன், ஜனவரிக்குள்ள முடிவு பண்ணணும்.