இலைகளைத் தாண்டி முன்னே வரும் கட்டடம்: ஆயில் பெயின்டிங்கில் உதவி தேவை

புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியை வரைகிறேன். ஆயில், 4-க்கு 3 அடி கேன்வாஸ், ஆறு வாரம் ஆகிறது. முன்னால் கிளைகள், பின்னால் படுக்கைவாட்டில் சிமெண்ட் பலகைகள். அந்தப் பலகைகளின் வெளிர் கோடுகள் இலைகளைத் தாண்டி முன்னே வந்துவிடுகின்றன. வெள்ளையில் அம்பர் (umber) என்ற பழுப்பு நிறத்தைக் கலந்து மங்கவைத்தேன், விளிம்புகளைத் துணியால் தேய்த்தேன். அப்புறம் இலைமேல் இன்னொரு பூச்சு கொடுத்ததும் பச்சை சேறாகிவிட்டது.

பிரான்சின் பிரியே காட்டில் லெ கொர்புசியே வடிவமைத்த குடியிருப்பை 1990-களில் பீட்டர் டாய்க் வரைந்தார். கட்டடத்தை முடித்துவிட்டு மரத்தால் மூடவில்லை, கிளைகளின் இடுக்குகளில்தான் அதைத் துண்டு துண்டாக வைத்தார். எனக்கும் அந்த ஆழம்தான் வேண்டும். ஆனால் நான் கட்டடத்தை முதலிலேயே முழுதாக வரைந்துவிட்டேன்.

இதே கேன்வாஸைச் சுரண்டி இடுக்குகளை மட்டும் திரும்ப வரையலாமா, இல்லை புதுக் கேன்வாஸில் மரத்திலிருந்தே தொடங்க வேண்டுமா?