தவக்கால வகுப்பில் பிரெட்செல்: ஜெபமும் மன்னிப்பும்

கேள்வி: ஞாயிறு பள்ளியில் 12 பிள்ளைகள், வயது 6 முதல் 9. அவர்களோடு பிரெட்செல் (மாவைக் கயிறாக உருட்டி முறுக்கிச் சுடும் ரொட்டி) செய்யவேண்டும். ஒன்றரை மணி நேரம்தான். மாவு எவ்வளவு? மன்னிப்பை எங்கே சொல்லித் தருவது?

பதில் 1: மைதா 500 கிராம், வெதுவெதுப்பான நீர் 300 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. முட்டை, பால், நெய் வேண்டாம்; தவக்கால ஒறுத்தலுக்குப் பொருந்தும். வீட்டிலேயே பிசைந்து ஒரு மணி நேரம் உப்பவிட்டுக் கொண்டுபோங்கள். 65 கிராம் உருண்டையை 45 செ.மீ. கயிறாக உருட்டி, முனைகளை இருமுறை முறுக்கி மடக்கினால் மார்பில் குறுக்கே கட்டிய கைகள் தெரியும். பழைய ஜெப நிலை அதுதான் என்பார்கள்.

பதில் 2: மேசையில் மாவு தூவாதீர்கள், கயிறு வழுக்கும். உருட்ட உருட்ட அது பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வலிந்து இழுத்தால் அறுந்துவிடும்; ஐந்து நிமிடம் விட்டால் தானே தளரும். மன்னிப்பைப் பேச அந்த ஐந்து நிமிடம்தான் சரி. மத்தேயு 6:12 வாசியுங்கள். தன்னைப் புண்படுத்தியவரின் பெயரைப் பிள்ளை மனதுக்குள் மட்டும் நினைக்கட்டும். "இப்போதே மன்னித்துவிடு" என்று தயவுசெய்து நெருக்காதீர்கள்.

பதில் 3: சுடுமுன் பிரெட்செலை முக்கியெடுக்கும் சோடா நீரைப் பெரியவர்களே பார்க்கவேண்டும். ஒரு லிட்டர் கொதிநீருக்கு சமையல் சோடா 4 மேசைக்கரண்டி, எவர்சில்வர் பாத்திரம், அலுமினியம் கறுத்துவிடும். முக்குவது 30 விநாடிக்கு மேல் போனால் கசக்கும். பிறகு அவனில் 220 டிகிரி செல்சியஸில் 12–14 நிமிடம் சுடுங்கள்.

கேட்டவர்: நன்றி. ஒன்றுக்கு இரண்டாகச் செய்யலாமா? கோபித்துக்கொண்ட நண்பருக்குக் கொடுக்க?

பதில் 2: செய்யுங்கள், மாவை இரட்டியுங்கள். அன்றைக்கே கொடுக்கவேண்டும், மறுநாள் தோல் நமத்துவிடும்.